ஸ்கைலைனர் 200பி: சின்னக் கோள் நெபுலாக்களைத் தேட இது போதுமா?

ஸ்கைவொச்சர் நிறுவனத்தின் ஸ்கைலைனர் 200பி ஒரு 8 அங்குல டொப்சோனியன் தொலைக்காட்டி, அதாவது தரையில் வைத்துக் கையால் திருப்பும் எளிய தாங்கியில் அமர்ந்த ஆடித் தொலைக்காட்டி. குழிவாடியின் விட்டம் 200 மில்லிமீற்றர், குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர். 25, 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டுகளும் 9 மடங்கு பெருக்கும் ஒரு தேடுதொலைக்காட்டியும் பெட்டியோடு வரும். சந்திரன், சனி, வியாழன் எல்லாம் நன்றாகத் தெரியும். அதில் எழுத ஒன்றுமில்லை. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வீட்டு வளவில் வைத்து, பத்துப் பதினைந்து வில்செக்கன் (ஒரு வில்செக்கன் பாகையின் 3600இல் ஒரு பங்கு) அகலம் மட்டுமே உள்ள கோள் நெபுலாக்களை, அதாவது இறக்கும் நட்சத்திரங்கள் உதறிய வாயுக் கூடுகளை, இதால் பிடிக்கலாமா என்பதுதான் இங்கே பார்ப்பது.

பிடிக்கலாம். ஆனால் பெட்டியில் வருவதை மட்டும் வைத்து அல்ல. ஒட்சிசனின் பச்சை ஒளியை மட்டும் உள்ளே விடும் ஓ3 பில்டர் ஒன்றும், பார்வைத்துண்டின் பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் 2 மடங்கு பார்லோ வில்லை ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

காரணம் எளிது. 25 மில்லிமீற்றர் துண்டு 48 மடங்கு பெருக்கும். 10 வில்செக்கன் நெபுலா அதில் வெறுங்கண்ணுக்குச் சந்திரன் தெரியும் அகலத்தில் கால்வாசிதான் இருக்கும். அவ்வளவு சிறிய ஒளிப்புள்ளியைப் பக்கத்து நட்சத்திரங்களில் இருந்து கண் எளிதில் பிரித்தறியாது. 10 மில்லிமீற்றர் துண்டில் 120 மடங்கு. அதோடு பார்லோவும் சேர்ந்தால் 240 மடங்கு. அப்போது அதே நெபுலா முழுநிலவைவிடப் பெரிதாகத் தெரியும். கலக்ஸிகளைப் போல இவை மங்கிப் போகாது. மேற்பரப்புப் பிரகாசம் கூடியவை என்பதால் பெருக்கத்தைத் தாங்கும்.

சிக்கல் எல்லாம் அதற்கு முந்திய படியில்: காட்சிப்புலத்தில் இருக்கும் முப்பது நாற்பது புள்ளிகளில் எது நெபுலா? இங்கேதான் பில்டர் வருகிறது. கோள் நெபுலாவின் ஒளியில் பெரும்பங்கு 495.9, 500.7 நனோமீற்றரில் உள்ள இரண்டு பச்சைக் கோடுகளில் குவிந்திருக்கும். வானியலாளர் வில்லியம் ஹகின்ஸ் 1864இல் என்ஜிசி 6543 (என்ஜிசி, ஐசி என்பவை வான்பொருள் பட்டியல்கள்) என்ற கோள் நெபுலாவின் நிறமாலையில் பச்சைக் கோட்டைக் கண்டபோது அது எந்த மூலகத்தினுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. இரு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனே காரணம் என்று பௌதிகவியலாளர் ஐரா போவன் விளக்கியது 1927இல். ஓ3 பில்டர் இந்தக் கோடுகளை மட்டும் உள்ளே விட்டு மற்றதை அடைத்துவிடும். நட்சத்திரங்கள் மங்கும், நெபுலா அப்படியே நிற்கும்.

பில்டரைப் பார்வைத்துண்டில் திருகிவிட்டுத் தேடுவது பலர் செய்யும் பிழை. நட்சத்திரங்கள் எல்லாம் மங்கினால் வரைபடத்தோடு ஒப்பிட எதுவும் மிஞ்சாது. விளிம்பைப் பிடித்து, கண்ணுக்கும் பார்வைத்துண்டுக்கும் இடையே உள்ளே வெளியே ஆட்ட வேண்டும். ஆட்டும்போது சுற்றியுள்ளவை மங்கி மங்கி வர, மாறாமல் நிற்கும் புள்ளிதான் நெபுலா. பெட்டியோடு வரும் 10 மில்லிமீற்றர் துண்டில் இது சரிவராது. கண்ணை மிகக் கிட்ட வைக்க வேண்டியிருப்பதால் இடையில் பில்டர் நுழைய இடமில்லை. 25 மில்லிமீற்றரைப் பார்லோவில் போட்டால் 96 மடங்கும் கிடைக்கும், பில்டருக்கு இடமும் கிடைக்கும். தேடலுக்கு இந்தச் சேர்க்கையே சிறந்தது. நெபுலா அகப்பட்ட பிறகு 10 மில்லிமீற்றருக்கு மாறலாம்.

எல்லா நெபுலாவுக்கும் இந்த வித்தை பலிக்காது. அன்ன உடுத்தொகுதியின் அல்பிரியோ நட்சத்திரத்துக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் கம்பெல் நட்சத்திரம் என்ற பெயருள்ள நெபுலாவில் ஒட்சிசன் கோடுகள் மிகப் பலவீனம். பில்டரை வைத்தால் நட்சத்திரங்களோடு சேர்ந்து அதுவும் மங்கும். முயல் உடுத்தொகுதியின் ஐசி 418உம் ஓ3இல் எதிர்பார்த்தளவு துலங்காது. இந்த இரண்டையும் 240 மடங்கில், பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டு வட்டத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

அதற்கு ஆடிகள் நேராக இருக்க வேண்டும். நேர் தவறினால் நட்சத்திரங்களே 4, 5 வில்செக்கன் அகலத்துக்கு ஊதித் தெரியும். எதைப் பார்த்தாலும் நெபுலா போலிருக்கும். படுவான்கரை றோட்டில் ஒருமுறை ஏற்றி இறக்கினாலே நேர் மாறிவிடும். 240 மடங்கில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைக் குவியத்தில் இருந்து சற்று விலக்கிப் பாருங்கள். வளையங்களின் நடுவே கரும்புள்ளி இருந்தால் சரி. ஒருபக்கம் ஒதுங்கினால் பிரதான ஆடியின் பின்னாலுள்ள மூன்று திருகுகளைக் கால்சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பித் திருத்துங்கள்.

தேடுதொலைக்காட்டிதான் இந்தக் கருவியின் பலவீனமான உறுப்பு. படம் தலைகீழாகத் தெரியும், உயரப் பார்க்கும்போது கழுத்து நோகும். நம்முடைய அகலக்கோட்டில் அது இன்னும் மோசம். கண்ணுக்குக் குளிர்ந்த நீலப்பச்சையில் தெரியும் என்ஜிசி 6572, ஒபியூக்கஸ் உடுத்தொகுதியின் 71ஆம் நட்சத்திரத்துக்குத் தெற்கே இரண்டு பாகை தள்ளி இருக்கிறது. அது மட்டக்களப்பில் உச்சிக்கு ஒரு பாகைக்குள்ளேயே கடக்கும். டொப்சோனியன் தாங்கியால் உச்சியில் எதையும் பின்தொடர முடியாது. கிழக்கில் ஏறும்போதோ மேற்கில் சாயும்போதோ, உச்சிக்கு இரண்டு மணித்தியாலம் முன்பின் பாருங்கள். குழாய் உருக்கினால் ஆனது என்பதால், காந்தம் பிடித்த டிஜிட்டல் பாகைமானி ஒன்றை அதில் ஒட்டி, ஸ்டெல்லாரியம் என்ற வான்வரைபடச் செயலி சொல்லும் உயரத்துக்குக் குழாயை நிறுத்துவது தேடுதொலைக்காட்டியை விட நம்பிக்கையான வழி.

இங்கிருந்து தெற்கு நன்றாகத் திறந்திருக்கிறது என்பது பெரிய வசதி. ஏப்ரல், மே இரவுகளில் திரிசங்குக்கு (தென்சிலுவை) மேற்கே என்ஜிசி 3918 அடிவானில் இருந்து 25 பாகை உயரம் வரை ஏறும். ஜோன் ஹேர்ஷல் 1834இல் புதிய கோள் ஒன்று அகப்பட்டதோ என்று யோசித்த என்ஜிசி 2867, கரினாவின் அயோட்டா நட்சத்திரத்துக்கு ஒரு பாகை வடக்கே இருக்கிறது. முதல்முறை தேடுபவர் இவற்றில் தொடங்க வேண்டாம். ஹைட்ராவின் மியூவுக்குத் தெற்கே இரண்டு பாகைக்குள் இருக்கும் என்ஜிசி 3242 பெரியது, பிரகாசமானது. பில்டரை ஆட்டிப் பழக அதுதான் சரி. ஒக்டோபரில் என்றால் கும்பத்தின் நியூவுக்கு மேற்கே என்ஜிசி 7009.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை தெருவிளக்குகளைக் கண்டு பயப்பட வேண்டாம். சின்னக் கோள் நெபுலாக்கள் ஊர் வெளிச்சத்தைத் தாண்டித் தெரியும். உன்னிச்சைப் பக்கம் யானைப் பயத்தோடு போவதெல்லாம் கலக்ஸி பார்க்கிறவர்களுக்கு.

மொத்தம் ஏறத்தாழ 26 கிலோ. குழாயையும் தாங்கியையும் தனித்தனியே தூக்கினால் ஒருவரால் முடியும். கச்சான் காற்று நாட்களில் மதிலோரமாக வையுங்கள். 240 மடங்கில் சிறு நடுக்கமும் படத்தைக் குலைக்கும். தாங்கி துகள்பலகையில் செய்தது. வாவியின் ஈரம் வெட்டு விளிம்புகளில் ஏறினால் பொருமிவிடும், ஆகவே வாங்கியவுடனே விளிம்புகளுக்கு வார்ணிஷ் பூசுங்கள். ஏசி அறையில் வைத்த கருவியை வெளியே கொண்டுவந்தால் ஆடியில் நீர் படியும். துடைக்காமல் அரை மணித்தியாலம் விடுங்கள், தானாகவே காயும். கடற்கரையில் வைத்துப் பார்த்தால் உப்பு படியும். ஆடியைக் கழுவ வேண்டி வந்தால் குழாய்த்தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீர் வாங்குங்கள். பில்டரும் பார்லோவும் 1.25 அங்குல அளவில் இருந்தாலே போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது காசு இருக்கிறது என்றால் முதலில் பில்டர்.