சின்ன மரவேலை அறைக்கு எது: தொங்கும் ஏர் கிளீனரா, ஃபேன் பெட்டியா?

12×10 அடி அறை, 8 அடி உயரம் என்றால் 960 கன அடி காற்று. மணிக்கு 8 முறை வடிகட்ட நிமிடத்துக்கு 128 கன அடி வேண்டும். ஃபில்டரில் தூசி ஏறினால் வேகம் விழும், அதனால் இரண்டு மடங்காவது கணக்கு வையுங்கள்.

கூரையில் தொங்கும் சிறிய ஏர் கிளீனர்களில் நிமிடத்துக்கு 300–400 கன அடி கிடைக்கும். வெளி ஃபில்டர் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள தூசியைப் பிடிக்கும், உள் ஃபில்டர் 1 மைக்ரான் வரை. தரையில் இடம் பிடிக்காது, டைமரும் உண்டு.

செலவு குறைய வேண்டுமா, ஃபேன் பெட்டிதான். 20 அங்குல பாக்ஸ் ஃபேன், நான்கு பக்கச் சுவராக அதே அளவில் நான்கு மெர்வ் 13 ஃபில்டர் (மெர்வ் என்பது ஃபில்டரின் திறன் எண்; கூடக் கூட நுண்ணிய தூசியையும் பிடிக்கும்), அடியில் அட்டை, சுற்றிலும் டேப். ஃபேன் மேலே, காற்று மேல்நோக்கிப் போக வேண்டும். ஃபில்டரின் அம்புக்குறி உள்நோக்கி. ஒரே ஒரு ஃபில்டரை ஒட்டினால் காற்று திணறும், மோட்டார் சூடேறும். நான்கில் அந்தச் சிக்கல் இல்லை. ஃபேனின் நான்கு மூலையிலும் காற்று பின்வாங்கும்; நடுவில் வட்டத் துளை வெட்டிய அட்டையால் மூலைகளை மூடுங்கள். ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது, நுண்தூசியைப் பிடிக்கும் மின்னேற்றம் போய்விடும்.

தரையில் இரண்டடி இடம் இருந்தால் பெட்டியே என் தேர்வு. இரண்டுமே மிதக்கும் தூசிக்குத்தான். ரம்பத்தின் வாயில் வேக்குவம் குழாய் தனியாக வேண்டும். தேய்ப்பு வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் ஓடட்டும், அதுவரை முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.