ஊருணிக் கரைக் கிணறுகளில் ஸ்லக் டெஸ்ட்: ஒரு சேவை மதிப்புரை

காரைக்குடி வட்டாரத்தில் செம்புராங்கல்லும் களிமண்ணும் மாறி மாறிக் கிடப்பதால், ஒரு வீட்டுக் கிணறு நன்றாக ஊறும்போது அடுத்த வீட்டுக் கிணறு வறண்டு கிடப்பது இங்கே புதிதல்ல. எங்கள் ஊருணியைச் சுற்றி வீடுகளும் அவற்றின் கழிவுநீர்த் தொட்டிகளும் பெருகிவிட்டதால், அந்தக் கசிவு மண்ணுக்குள் எவ்வளவு விரைவாக ஊருணிக்கு வந்து சேரும் என்பதை அறிய, கரையிலுள்ள கண்காணிப்புக் கிணறுகளைச் சோதித்துத் தரும்படி ஒரு நிறுவனத்திடம் ஊர்க்காரர்கள் சேர்ந்து பணியை ஒப்படைத்தோம்.

ஸ்லக் டெஸ்ட் எனப்படும் இந்தச் சோதனையில், மணல் நிரப்பி இருபுறமும் அடைத்த பி.வி.சி. குழாயைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் சட்டென்று இறக்குகிறார்கள். உயர்ந்த நீர்மட்டம் பழைய நிலைக்கு இறங்கும் வேகத்தை அடியில் தொங்கும் அழுத்தமானி நொடிக்கு நொடி பதிகிறது. பிறகு குழாயை வெளியே எடுத்து, தாழ்ந்த மட்டம் ஏறும் வேகத்தையும் பதிகிறார்கள். மட்டம் விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பினால், அங்குள்ள மண் நீரை விரைவாகக் கடத்துகிறது என்று பொருள். மோட்டார் வைத்து நீரை இறைக்க வேண்டியதில்லை என்பதால், மாசுபட்டிருக்கக்கூடிய நீரை எங்கே கொட்டுவது என்ற கவலையும் இல்லை.

என்னைப் பெரிதும் கவர்ந்தது அவர்களுடைய முன்னேற்பாடு. துளையிட்டபோது வடிகுழாயின் (மண்ணிலிருந்து நீர் கிணற்றுக்குள் நுழையும் துளைகளுள்ள குழாய்ப் பகுதி) துவாரங்களில் படிந்த சேற்றை, கம்ப்ரசர் காற்றால் கலங்கல் தெளியும்வரை வெளியேற்றிய பின்னரே சோதனையைத் தொடங்கினார்கள். இதைச் செய்யாவிட்டால் நாம் அளப்பது மண்ணை அல்ல, அந்தச் சேற்றைத்தான். செம்புராங்கல் சரளையில் அமைந்த கிணற்றில் நீர் சில நொடிகளிலேயே பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. களிமண்ணில் இருந்த கிணற்றுக்குப் பிற்பகல் வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அறிக்கையில்தான் எனக்குக் குறை. ஒரு கிணற்றில் நீர்மட்டம் வடிகுழாயின் நடுப்பகுதியிலேயே நிற்கிறது. அங்கே மணல் குழாயை இறக்கும்போது, உயரும் நீர் மேலே உலர்ந்து கிடக்கும் சரளைக்குள்ளும் பாய்ந்துவிடுவதால், மண் உண்மையில் கடத்துவதைவிட விரைவாக நீரைக் கடத்துவதுபோல் கணக்கு வரும். மணல் குழாயை வெளியே எடுத்தபின் பதிந்த அளவீட்டையே அங்கே நம்ப வேண்டும். அவர்களோ இரண்டையும் கலந்து எழுதியிருந்தார்கள். சுட்டிக்காட்டியதும் மறுப்பின்றித் திருத்தித் தந்தது பாராட்டத்தக்கது. ஆனால் எல்லாக் கிணறுகளுக்கும் சேர்த்து ஒரே சராசரியைப் போட்டதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தச் சோதனை காட்டுவது கிணற்றை ஒட்டிய சிறு சுற்றளவு மண்ணைத்தான். சரளையையும் களியையும் கூட்டி வகுத்த எண், கசிவு எந்தப் பக்கமாக விரையும் என்பதையே மறைத்துவிடும்.

களப்பணிக்காக இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். கட்டணம் பேசும்போதே, அழுத்தமானியின் முழுப் பதிவையும், அந்தப் பதிவிலிருந்து மண்ணின் நீர் கடத்தும் திறனைக் கணக்கிடும் ஹ்வோர்ஸ்லெவ், பௌவர்–ரைஸ் முறைகளில் எதை எந்தக் கிணற்றுக்குப் பயன்படுத்தினார்கள் என்ற விவரத்தையும் கிணறு வாரியாகத் தருவதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும்.