தாய்லாந்தின் கோ லந்தாவில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

14,000 பாட் போச்சு. நம்ம காசில் 35,000 ரூபாய்க்கு மேல். நேற்று நடந்தது, இன்னும் வயிறு எரிகிறது.

கோ லந்தா தீவின் தெற்குக் கோடியில், தேசியப் பூங்காவுக்குக் கொஞ்சம் முன்னால், பேம்பூ பே என்று ஒரு கடற்கரை. கூட்டம் இல்லை, ஜெட் ஸ்கீ இரைச்சல் இல்லை, கடற்கரையை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் படகுகள் வந்து நிற்கிற சாலாடான் இருப்பது வடக்குக் கோடியில், தெற்கே போகப் போக மேடும் வளைவுமான பாதை, டுக்டுக் ஆட்டோக்காரர் கேட்கிற காசுக்கு ஸ்கூட்டரே மேல் என்று எல்லாரும் சொன்னார்கள். எடுத்தோம், நாளுக்கு 250 பாட்.

வாடகைக் கடைக்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். தயங்கினேன். "தீவுதானே சார், நானும் ஓட முடியாது, நீங்களும் ஓட முடியாது" என்று சிரித்தார். கொடுத்துவிட்டேன். கல்லாவில் இருந்த அம்மா என் மனைவியிடம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்தபோது அந்த ஆளே நகர்ந்து வழிவிட்டார், அதுதான் எனக்குத் தாங்கவே இல்லை.

கிளம்பும் காலையில், ஏர்போர்ட் வேன் வர அரை மணி நேரம் இருக்கையில் வண்டியை விட்டேன். கடைக்காரர் நேராகக் குனிந்து, கால் வைக்கிற பலகைக்கு அடியில் கையை விட்டார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். அதற்குள் பழைய மண் இறுகிக் கிடக்கிறது, நகத்தால் சுரண்டினால்கூட வரவில்லை. உடனே பிளாஸ்டிக் உறை போட்ட விலைப்பட்டியல் வந்தது (தயாராக அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்!): பாகம், பெயின்ட், வண்டி ஓடாத நாட்களின் வாடகை, மொத்தம் 14,000 பாட். வீடியோவைக் காட்டினால், "அடிப்பக்கம் இதில் இல்லையே".

முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன், அவர் பாங்காக்கில். நம்பர் கேட்டால், தூங்குகிறார். இந்தக் கடையைக் கைகாட்டியதே நாங்கள் தங்கிய விடுதிதான், அவர்களோ "அது தனிக் கடை, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார்கள். சுற்றுலா போலீஸ் 1155க்கு அடித்தேன், பொறுமையாகத்தான் கேட்டார்கள், ஆள் வரும்வரை இருக்கச் சொன்னார்கள். இருந்தால் வேன் போய்விடும், வேன் போனால் விமானமும் போய்விடும், அது அந்த ஆளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கட்டினேன், ஏடிஎம் கட்டணம் 220 பாட் வேறு. 14,000 பாட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வேனிலிருந்து வாட்ஸ்அப்பில் ரசீது கேட்டேன், இரண்டு நீல டிக், அப்புறம் பிளாக்.

விவரமாக யோசனை சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து, நகலும் ரொக்க டெபாசிட்டும் போதும் என்கிற கடையைத் தேடுங்கள். வீடியோவை வண்டிக்கு அடியிலும் எடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் ஓட்டாதீர்கள், இல்லையென்றால் போலீஸைக் கூப்பிடவே நமக்குப் பயம் வரும். முக்கியமாக, வண்டியை முந்தின நாளே திருப்பி விடுங்கள், கிளம்பும் நாளில் வேண்டவே வேண்டாம்.