எடைக் கணக்கா, பாகக் கணக்கா? போர்க்கப்பல் செலவை மதிப்பிடும் இரு வழிகள்

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் காசிமேட்டு உரிமையாளருக்கு, வாங்கிய விலை செலவின் தொடக்கம்தான் என்பது தெரியும். போர்க்கப்பலில் அந்தத் தொடக்கத்தைக் கணிப்பதே சிக்கல்.

உருக்குத் தகடு, இயந்திரம், ஆயுதம், கூலி எனப் பாகம் பாகமாகக் கூட்டுவது ஒரு வழி. காட்டுப்பள்ளியில் ஒரே வடிவில் அடுத்தடுத்து உருவான கடலோரக் காவல்படை ரோந்துக் கப்பல்களைப் போல, வரைபடம் முடிந்தவற்றுக்கு இதுவே பொருந்தும்.

முன்பு கட்டிய ஒத்த கப்பலுக்கு டன்னுக்கு எவ்வளவு ஆனது என்று பார்த்து, அதைப் புதிய கப்பலின் எடையால் பெருக்கி, பொது விலைவாசியைவிட வேகமாக ஏறக்கூடிய கப்பல் கட்டும் துறையின் விலையேற்றத்தையும் சேர்ப்பது மற்றொரு வழி. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நிதிநிலை அலுவலகம் பெரும்பாலும் இவ்வாறே கணிக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் 30 ஆண்டுக் கப்பல் கட்டும் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக 4,000 கோடி டாலர் ஆகும் என்று 2025 ஜனவரியில் அது சொன்னது. கடற்படையின் சொந்த மதிப்பீட்டைவிட இது சுமார் 17 சதவீதம் கூடுதல்.

2003-இல் 3,261 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், 2022-இல் படையில் சேர்ந்தபோது செலவு ஏறத்தாழ 20,000 கோடியைத் தொட்டிருந்ததை நினைத்தால், வரைபடமே போடாத கப்பலுக்கு எடைக் கணக்கைத்தான் நம்பத் தோன்றுகிறது. ஆனால் மின்னணுக் கருவிகள் நெருக்கியடித்த சிறு கப்பலின் விலையை டன் காட்டிக்கொடுக்காது.