படுக்கை எண்ணிக்கையா, போகும் வழியா? ஜெர்மனியும் டென்மார்க்கும்

ஆயிரம் பேருக்கு ஜெர்மனியில் கிட்டத்தட்ட 8 மருத்துவமனைப் படுக்கைகள். எல்லை தாண்டினால் டென்மார்க்கில் சுமார் 2.5 தான். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஜெர்மனிக்காரர் கொடுத்துவைத்தவர் என்று தோன்றும். ஆனாலும் நோயாளி சரியான இடத்துக்குப் போய்ச்சேரும் வழியைப் பார்த்தால், என் ஓட்டு டென்மார்க்குக்குத்தான்.

டென்மார்க் 2007-இல் நிர்வாகத்தை 5 பிராந்தியங்களாக மாற்றி, அவசர சிகிச்சையை 20 சொச்சம் பெரிய மருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்தது. எந்த அறுவை சிகிச்சையை எங்கே செய்யலாம் என்பதைத் தேசிய சுகாதார ஆணையம் தீர்மானிக்கிறது. ஹெர்னிங், ஹோல்ஸ்டப்ரோ என்ற இரண்டு ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் பதிலாக 2022-இல் கோட்ஸ்ட்ரூப்பில் ஒரே பெரிய மருத்துவமனை வந்தது. தூரம் கூடியது உண்மை. அதற்கு ஈடாக 2014 முதல் நாடு முழுவதும் மருத்துவ ஹெலிகாப்டர்கள் பறக்கின்றன. கோபன்ஹேகனில் கை முறிந்தாலும் முதலில் 1813-க்கு போன் போட வேண்டும். பேசுபவர் விசாரித்து, தேவையென்றால் எந்த மருத்துவமனைக்கு எப்போது வர வேண்டும் என்று சொல்லிவிடுவார். அதுவரை வீட்டிலேயே காத்திருக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் நேராக 112.

ஜெர்மனியில் திட்டமிடுவது 16 மாநிலங்கள். கட்டடச் செலவு மாநிலத்தின் பொறுப்பு, சிகிச்சைச் செலவு காப்பீட்டு நிதியங்களின் பொறுப்பு. இது 1972-இல் போட்ட ஏற்பாடு. மாநிலங்கள் போதிய பணம் தருவதில்லை. அதனால் மருத்துவமனைகள் சிகிச்சை வருமானத்தில் கை வைத்துக் கூரையைச் சரிசெய்கின்றன. 2004 முதல் ஒவ்வொரு நோயாளிக்கும் நோய்க்கேற்ற நிலையான தொகை என்பதால், ஆள் கூடினால்தான் வருமானம். சிறிய ஊர் மருத்துவமனையும் இடுப்பு மூட்டு மாற்றத் துடிப்பது இதனால்தான். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பரிந்துரைச் சீட்டு இல்லாமலே பெரும்பாலான சிறப்பு மருத்துவர்களைப் பார்க்கும் சுதந்திரம் ஜெர்மனியில் உண்டு. டென்மார்க்கில் பொதுவாகக் குடும்ப மருத்துவர் வழியாகத்தான் போக வேண்டும்.

தீவுகளைப் பாருங்கள். ஜெர்மனியின் சில்ட் தீவில் 2014-இன் தொடக்கத்தோடு பிரசவப் பிரிவு இல்லாமல் போனது. கர்ப்பிணிகள் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கரைக்கு வந்து தங்க வேண்டிய நிலை. டென்மார்க்கின் போர்ன்ஹோமில் மருத்துவமனையும் உண்டு, அதில் பிரசவமும் உண்டு. போர்ன்ஹோமின் மக்கள்தொகை சில்ட்டைப்போல இரு மடங்குக்கும் மேல், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் படுக்கை இவ்வளவு குவிந்த நாட்டில் ஒரு நிறைமாதப் பெண் வீட்டை விட்டுப் போய்த் தங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டென்மார்க்கின் பலவீனம் வேறு. எல்லாமே குடும்ப மருத்துவரை நம்பி நிற்கிறது. லோலண்ட் போன்ற ஒதுக்குப்புறங்களில் அவர்களுக்கே தட்டுப்பாடு.

இப்போது ஜெர்மனியும் டென்மார்க்கின் பாதையில் இறங்கியிருக்கிறது. எந்தச் சிகிச்சையை யார் செய்யலாம் என்று வகுக்கும் சட்டம் 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. கூடவே வர வேண்டிய அவசர சிகிச்சைச் சீர்திருத்தமோ 2024 நவம்பரில் கூட்டணி அரசு கவிழ்ந்ததில் நின்றுபோனது. அதைத்தான் முதலில் நிறைவேற்றியிருக்க வேண்டும்.