கிரீட் தீவுல ஒரு வாரம், கீரையும் மலை டீயுமா போச்சு

போன செப்டம்பர்ல அம்மா மதுரைல இருந்து வந்திருந்தாங்க, நாங்க இருக்கறது மியூனிக், எங்கயாவது கடல் பக்கம் கூட்டிட்டுப் போலாம்னு தேடுனப்போ கிரீட் தீவுல கானியா ஊருக்கு நேர் ஃப்ளைட் சல்லிசா கிடைச்சுது, உடனே போட்டாச்சு. அம்மா சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. கிரீஸ்னா ஆட்டுக்கறியும் ஆக்டோபஸும்தானே இருக்கும்னு புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய்னு பாதிப் பெட்டி அதுவே அடைச்சுக்கிச்சு. புளிக்காய்ச்சல் பாட்டிலைத் தொறக்காமலே திருப்பிக் கொண்டு வந்தோம், அதைச் சொல்லத்தான் இந்த ரிவ்யூ.

மொதல் நாள் சொதப்பலை மொதல்ல சொல்லிடறேன். கானியால வெனிஸ்காரன் கட்டின பழைய துறைமுகம், பார்க்க அம்சமா இருக்கும், அதை ஒட்டி வரிசையா ஹோட்டலுங்க, வாசல்ல நின்னு கையைப் பிடிக்காத குறையா கூப்பிடறாங்க. ஃபோட்டோ போட்ட மெனு கார்டு வச்சிருந்த ஒரு கடைல போய் உக்காந்தோம். மீன் ரேட் கிலோ கணக்குல போட்டிருந்ததை நான் சரியா கவனிக்கல, எடை எவ்வளவுன்னு கேக்கவும் இல்ல, அவங்களும் சொல்லல, பில் வந்தப்போதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. அம்மாவுக்கு வந்த சாலட்ல தக்காளி பச்சைத் தண்ணி மாதிரி சப்புனு இருந்துச்சு. அந்தத் தீவுல செப்டம்பர் தக்காளி சப்புனு இருக்கணும்னா அதுக்குத் தனியா மெனக்கெடணும், அடுத்த நாள் சந்தைல தக்காளி வாங்கிக் கடிச்சப்போதான் அது தெரிஞ்சுது. அங்க மீன் சாப்பிடறதுன்னா எடை போட்டுக் காட்டச் சொல்லுங்க, அது அங்க வழக்கம்தான், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

சனிக்கிழமை காலைல மீனோஸ் தெருல, பழைய கோட்டைச் சுவரை ஒட்டி, உழவர் சந்தை மாதிரி ஒண்ணு போடறாங்க. அங்கதான் அம்மாவுக்கு உயிர் வந்துச்சு. ஒரு தாத்தா கட்டுக்கட்டா கீரை வச்சிருந்தாரு, அம்மா ஒரு கட்டைத் தூக்கி தண்டைக் கிள்ளிப் பார்த்துட்டு, "டேய், இது நம்ம ஊரு தண்டுக்கீரைடா"ன்னாங்க. இவங்க வேற, எல்லாத்தையும் நம்ம ஊருதும்பாங்கன்னு நெனச்சேன், பார்த்தா சரிதான், அங்க அதுக்கு வ்லீதான்னு பேரு, நம்ம தண்டுக்கீரை, குப்பைக்கீரை குடும்பமேதான். பக்கத்துலயே பருப்புக்கீரை இருந்துச்சு, அதை க்ளிஸ்திரிதாங்கறாங்க, பச்சையாவே தக்காளி சாலட்ல போட்டுடறாங்க, லேசா புளிப்பு, நறுக்கு நறுக்குன்னு நல்லா இருக்கு. நம்ம பருப்புல போட்டு மசிச்சே பழகினவங்களுக்கு இது புதுசு.

வ்லீதாவை எப்படி சாப்பிடறதுன்னு அடுத்த நாள் பார்த்தோம். கார் எடுத்துட்டு தெரிசோ கிராமத்துக்குப் போனோம், கானியாவுல இருந்து தெக்கே, ரெண்டு பக்கமும் பாறை நெருக்கற பள்ளத்தாக்கு ரோடு, நடு ரோட்டுல ஆடுங்க நின்னு நம்மளையே முறைக்குது. ஊருக்குள்ள ஒரு சின்ன தவெர்னா, அதாவது குடும்பமா நடத்தற சாப்பாட்டுக்கடை, போர்டு கிரேக்கத்துல மட்டும்தான் இருந்துச்சு, அதைப் பார்த்தே நம்பி உள்ள போனோம். வ்லீதாவை சீமைச்சுரைக்காய், உருளைக்கிழங்கோட வேகவச்சு, தட்டுல பரப்பி, மேல ஆலிவ் எண்ணெயை நம்ம வீட்டுல ரசம் ஊத்தற மாதிரி ஊத்தி, எலுமிச்சம்பழம் பாதியா வெட்டி வச்சுக் கொடுத்தாங்க. அவ்வளவுதான், மிளகாய் இல்ல, தாளிப்பு இல்ல. நான் பாவமா அம்மா மூஞ்சியைப் பார்த்தேன், அவங்க ரெண்டாவது தட்டு சொல்லுன்னாங்க. கீழ தேங்குன அந்த எண்ணெய், கீரைத்தண்ணி, எலுமிச்சை மூணும் சேர்ந்த சாறை ரொட்டியால தொட்டுத் தொட்டுத் தொடச்சாச்சு. எண்ணெய் அப்படி, கொரோநேய்கின்னு ஒரு சின்ன ஆலிவ் ரகம், தொண்டைல இறங்கும்போது மிளகு கடிச்ச மாதிரி லேசா காரும், அப்படிக் காருனாதான் நல்ல எண்ணெய்னு அந்த வீட்டம்மா சொன்னாங்க.

டாகோஸ் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நானும் எழுதறேன். பார்லில செஞ்ச ரொட்டியை ரெண்டு தடவை சுட்டுக் கல்லு மாதிரி ஆக்கிடறாங்க, நம்ம டீக்கடை பொறைக்கு பெரியண்ணன்னு வைங்க, அதைத் தண்ணில ஒரு முக்கு முக்கி, துருவின தக்காளி, மிஸித்ரான்னு ஒரு வெள்ளை சீஸ், ஓரிகானோ, எண்ணெய். ரொட்டி முழுசா ஊறிட்டா போச்சு, ஊறாட்டி பல்லு போச்சு, அந்த நடுப்பதம் தெரிஞ்ச கடைல 7 யூரோவுக்கு ராத்திரி சாப்பாடே முடிஞ்சிடும். நான் அஞ்சு இடத்துல சாப்பிட்டேன், ரெண்டு இடத்துலதான் பதம் சரியா இருந்துச்சு.

சைவக்காரங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. அங்க சீஸ்ல பெரும்பாலும் ரென்னட் சேர்ப்பாங்க, பால்குடி மறக்காத குட்டியோட வயித்துல இருந்து எடுக்கறது. இதை நான் மூணாவது நாள் அம்மாகிட்ட சொல்லித் தொலைச்சேன், அதுக்குள்ள அவங்க நாலு டாகோஸும் மூணு ஸ்ஃபகியானி பீதாவும் முடிச்சிருந்தாங்க. பீதான்னா அது அப்படியே நம்ம போளிதான், மாவுக்குள்ள பூரணத்துக்கு பதிலா மிஸித்ரா வச்சுத் தட்டி, தோசைக்கல்லு மாதிரி ஒண்ணுல சுட்டு, மேல தைம் பூத் தேனை விடறாங்க. "சொல்லாம இருந்திருந்தா இன்னும் நாலு நாள் நிம்மதியா சாப்பிட்டிருப்பேன்"னு அம்மா ஒரு நாள் பூரா பேசல. அந்த மாவைப் பிசையும்போது ரக்கி சாராயம் ஒரு சொட்டு விடுவாங்கங்கறதை இன்னும் சொல்லல, அவங்க இதைப் படிக்க மாட்டாங்கன்னு நம்பறேன்.

சீஸும் வேணாம்னா நிஸ்திசிமோன்னு கேளுங்க, சர்ச் விரத நாள் சாப்பாடுன்னு அர்த்தம், கறி, பால், முட்டை எதுவும் இருக்காது. ஆனா அவங்க விரதத்துல கணவாய், ஆக்டோபஸ், நத்தை எல்லாம் ஓகே, அதனால அதையும் சேர்த்துக் கேட்டுக்கணும். நத்தை நான் சாப்பிட்டேன், உப்புல கவுத்துப் போட்டு வறுத்து ரோஸ்மேரியும் வினிகரும் விடறாங்க, மணம் பிரமாதம், அம்மா வேற டேபிளுக்கு மாறிட்டாங்க. ஃபாவான்னு மஞ்சப் பருப்பு கடைசல் ஒண்ணு எல்லா இடத்துலயும் கிடைக்கும், தாளிக்க மறந்த பருப்பு, வேற சொல்ல ஒண்ணுமில்ல.

இனி மூலிகைக் கடை. துறைமுகத்துல இருந்து ரெண்டு சந்து உள்ள, வயசான ஒரு அம்மா நடத்தறாங்க, உள்ள நாலு பேர் நின்னா மூச்சு முட்டும், கூரைல இருந்து செடியைக் கத்தை கத்தையா தலைகீழா கட்டித் தொங்க விட்டிருக்காங்க. என்ன வேணும்னு கேக்கல, ஒரு காய்ஞ்ச இலையை எடுத்து அம்மா உள்ளங்கைல வச்சு, கசக்குன்னு ஜாடை காமிச்சாங்க. வட்டமா, குட்டியா, மேல வெள்ளையா கம்பளி மாதிரி ரோமம், கசக்குனா அப்படியே கற்பூரவல்லி. அதுதான் திக்தமோ, உலகத்துலயே கிரீட்லதான் தானா விளையற செடி, செங்குத்துப் பாறை இடுக்குல முளைக்கும். காட்டு ஆடு மேல அம்பு பட்டா அது இந்த இலையைத் தேடிப்போய் தின்னும்னு அரிஸ்டாட்டில் காலத்துலயே எழுதி வச்சிருக்காங்க. உள்ளூர்ல இதுக்கு எரோந்தாஸ்னு இன்னொரு பேரு, காதல்னு அர்த்தம், பிடிச்ச பொண்ணுக்குக் குடுக்கறதுக்காகப் பசங்க பாறை ஏறிப் பறிப்பாங்களாம், சில பேர் விழுந்தும் போவாங்களாம். இப்போ பறிக்கத் தடை, விக்கறது எல்லாம் தோட்டத்துல வளர்த்தது, அதனால நடைபயணம் போறவங்க கண்ல பட்டாலும் கை வைக்காதீங்க. கர்ப்பமா இருக்கறவங்க இதைக் குடிக்கக் கூடாதுன்னு கடைக்கார அம்மா வயித்தைத் தொட்டுக் காட்டி விரலை ஆட்டினாங்க.

எனக்கு அதைவிட மலோதிராதான் பிடிச்சுது. மலை டீம்பாங்க, வெள்ளை மலைன்னு சொல்ற லெஃப்கா ஓரி உச்சில வளர்றது, மஞ்சப் பூவோட தண்டையே காய வச்சுக் கொடுக்கறாங்க. வெந்நில சும்மா போட்டு வச்சா ஒண்ணும் இறங்காது, மூணு நாலு நிமிஷம் கொதிக்க விடணும், பொன் நிறத்துல வரும், தேன் விட்டா போதும். வெனிஸ்காரங்க மொழில நோயை இழுத்துப் போடறதுன்னு பேரு வந்துச்சுன்னு ஒரு கதை சொல்றாங்க. நோய் போகுதோ இல்லையோ, ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் குடிச்சா வயிறு லேசா இருக்கு. மெயின் ரோட்டு சாவனீர் கடைல விக்கற மூலிகைக் கலவை பாக்கெட்டும் ஒண்ணு வாங்கினேன், பழைய வைக்கோல் வாசனை, தண்டமா போச்சு. வாங்கறதுக்கு முன்னாடி மோந்து பார்க்க விடலைன்னா வாங்காதீங்க.

மூலிகைக் கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு, தெரிசோ கடைக்கு நாலரை, அரை மார்க் குறைச்சது வெயிட்டிங்குக்காக, கீரை வர 40 நிமிஷம் ஆச்சு. பில்லோட திராட்சையும் ரக்கியும் இனாமா வந்துச்சு, வேணாம்னு சொன்னா மூஞ்சி சுருங்கிடறாங்க, நான்தான் கார் ஓட்டணும், அதனால உதட்டுல நனைச்சுட்டு வச்சுட்டேன்.

கடைசில ஒரு கூத்து. ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு அந்த தெரிசோ கடை வீட்டம்மா ஒரு லிட்டர் எண்ணெயைத் தண்ணி பாட்டில்ல ஊத்திக் குடுத்தாங்க, நான் அதைக் கைப்பைல வச்சுட்டு மறந்துட்டேன், ஏர்போர்ட் செக்கிங்ல எடுத்துப் போட்டுட்டாங்க. அம்மா பெரிய பெட்டில புளிக்காய்ச்சலைத் தூக்கிப் போட்டுட்டு அதை வச்சிருக்கலாம்லன்னு மியூனிக் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க.