மாடிக் கூடத்தில் மூன்று படங்கள்: ஒரு திரையிடல் குழுவைப் பற்றி

கும்பகோணத்தில் மாடிக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து மாதந்தோறும் படம் திரையிடும் சிறு குழு, இம்முறை காமத்தையும் ஆபாசப் படங்களையும் கதைப்பொருளாகக் கொண்ட மூன்று தமிழ்ப் படங்களை அடுத்தடுத்த ஞாயிறுகளில் திரையிட்டது. ஒரு படத்துக்கு 100 ரூபாய். தேநீரும் சுண்டலும் அதிலேயே அடக்கம். 18 வயது நிறைந்ததற்கான அடையாள அட்டையை வாசலில் தாட்சண்யமின்றிக் கேட்டார்கள்.

தேர்வில் குறை சொல்ல இடமில்லை. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கி நடித்து, தமிழில் 2017-இல் வெளியான 'லென்ஸ்' படத்தில் தொடங்கியது சரியான முடிவு. மனைவிக்குத் தெரியாமல் இணையத்தில் காமப் பேச்சில் திளைக்கும் ஒருவனிடம், முன்பின் அறியாத ஒருவன் தான் சாகப்போவதை நேரலையில் பார்க்கச் சொல்கிறான். தன் மனைவியின் அந்தரங்கக் காணொளி ஊரெல்லாம் பரவியதால் அவளை இழந்தவன் இந்த இரண்டாமவன். இந்தக் கதையை எடுப்பவர் எவருக்கும் அந்தக் காணொளியையே சற்று நேரம் காட்டிவிடும் சபலம் வரக்கூடும். இப்படமோ பெரும்பகுதியும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனின் முகத்தையே பார்க்கிறது. ஆபாசத்தைப் பற்றிய படம் ஆபாசமாகாமல் தப்புவது இந்த ஒரு முடிவினால்தான் என்பது என் எண்ணம்.

தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019) வேறு வழியில் செல்கிறது. நண்பர்களோடு திருட்டுத்தனமாக ஆபாசப் படம் பார்க்கும் சிறுவன், அதில் நடித்திருப்பவர் தன் தாய் லீலா என்று கண்டு வெறிகொள்கிறான். ரம்யா கிருஷ்ணன் ஏற்ற அந்தத் தாய், பிற்பாடு மகனிடம் பேசும்போது குற்றவாளியைப் போலத் தலைகுனியவில்லை. பார்ப்பதற்கு லட்சம் பேர் இருக்கையில் நடிப்பதற்கும் சிலர் இருப்பார்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். மிஷ்கின் ஏற்ற தந்தை, ஆழிப்பேரலையில் சிலையொன்றைப் பற்றிப் பிழைத்ததால் பக்தரானவர். அவருடைய ஆவேசப் பிரார்த்தனைக்குக் கூடம் சிரித்தது. 2004-ஐ நேரில் கண்ட நாகப்பட்டினத்து நண்பர் என் பக்கத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அதே படத்தில் திருநங்கை ஷில்பாவின் பகுதி எனக்கு ஒட்டவில்லை. திருநங்கையர் சிலர் அப்போதே கண்டித்ததில் நியாயம் இருக்கிறது.

ராமின் 'பேரன்பு' பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. பெருமூளை வாதத்தோடு பருவமடையும் மகளுக்கும் உடலின் ஆசை உண்டு என்பதைத் தந்தை ஏற்றுக்கொள்ளும் வேதனையை, கூச்சப்படாமலும் கொச்சைப்படுத்தாமலும் சொல்கிறது என்பது போதும்.

குழுவின் ஏற்பாட்டில்தான் பிசிறுகள் இருந்தன. ஒலிபெருக்கி கரகரத்ததால் 'லென்ஸ்' உரையாடல்கள் பாதி காதில் விழவில்லை. முதல் வாரக் கலந்துரையாடலில் இருவரே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கலாசாரச் சீரழிவு பற்றி இடைவிடாமல் முழங்கினார்கள்; பெண்கள் அமர்ந்திருந்த வரிசைக்கு ஒலிவாங்கி வந்து சேரவேயில்லை. இதைக் கவனித்த அமைப்பாளர்கள் மறுவாரம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பெயர் எழுதாமல் கேள்வி எழுதச் சொன்னார்கள். "என் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் மிரட்டினால் யாரிடம் சொல்வது?" என்றது ஒரு சீட்டு. பதில் சொன்ன வழக்கறிஞர் உபதேசத்துக்குப் போகவில்லை: சம்மதமின்றி ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்றும், மிரட்டல் தனிக் குற்றம் என்றும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணை அழைக்கலாம் என்றும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கூடத்தில் பலர் அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள். கட்டணம் அந்தச் சில நிமிடங்களுக்கே தகும்.

மாலை ஆறரைக்குத் தொடங்குவதை மட்டும் மாற்ற வேண்டும். மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் போக வேண்டிய பெண்கள் பேருந்தை நினைத்துப் படம் முடிந்ததும் எழுந்துவிடுகிறார்கள். நான்கரைக்குத் தொடங்கினால் சீட்டுகளைப் படிக்கும் வரை இருப்பார்கள்.